உயிரியல் ஆய்வாளராக விரும்பும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு: எந்தப் பட்டத்தைத் தெரிவு செய்வது?

ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பெறுபேறு வந்து ஒரு கிழமைக்குள் ஒரே மாதிரிக் கேள்வியோடு எனக்கு நாலைந்து அழைப்புகள் வரும். "அண்ணா, எனக்கு ரிசேர்ச் செய்யத்தான் விருப்பம். எந்தக் கோர்ஸை முதலாவதாப் போட?" கேட்பவர்களில் பலருக்கு மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி போதாது. ஒரு சிலருக்குத் தாராளமாகவே இருக்கும். ஆனால் மெடிசின் வேண்டாம் என்று வீட்டில் வாய் திறக்கப் பயம்.

இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். நாலாம் வருடத்தில் நீங்களே ஒரு ஆய்வைத் தொடங்கி முடிக்க அந்தப் பட்டம் இடம் தருமா என்று பாருங்கள். அதற்கு முந்திய வருடங்களில் இரசாயனவியலும் புள்ளிவிபரவியலும் ஆய்வுகூடச் செய்முறையும் கைக்கு வருமா என்று பாருங்கள். "உயிர்த் தொழினுட்பம்" என்று பெயர் வைத்த கற்கைநெறியில் சேர்ந்து மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபைப்பெற்றைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் வெளியே வந்தவர்களையும் கண்டிருக்கிறேன். தாவரவியல் என்ற பழைய பெயரோடு படித்து இன்று பரம்பரையலகு ஆய்வில் கலாநிதிப் பட்டம் செய்பவர்களையும் தெரியும்.

முதலில் கேள்வி, பிறகுதான் கோர்ஸ்

விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன் ஒரு கொப்பியை எடுத்து, உங்களை உண்மையில் இழுக்கும் கேள்விகளை மூன்று கிழமைக்கு எழுதிக்கொண்டே வாருங்கள். பாடப்புத்தகத்துக் கேள்விகளை விடுங்கள். வீட்டைச் சுற்றிப் பாருங்கள். அடைமழைக்குப் பிறகு கடல்நீரேரியில் மீன் ஏன் செத்து மிதக்கிறது? வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் நைத்திரேற்று ஏன் கூடுகிறது? பனங்கள் ஏன் சில மணித்தியாலத்திலேயே புளிக்கிறது? ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டில் எல்லாருக்கும் டெங்கு, பக்கத்து வீட்டில் ஒருவருக்கும் இல்லை, ஏன்?

கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு நன்னீரில்தான் முட்டையிடும் என்றுதான் நாங்கள் எல்லாரும் படித்தோம். பூச்சாடி, ரயர், சிரட்டை என்று அதனால்தான் தேடித் தேடி அழித்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினரும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர்களும் இலங்கைக் கரையோரங்களில் உவர்நீர் தேங்கிய பாத்திரங்களையும் கைவிடப்பட்ட வள்ளங்களையும் கிணறுகளையும் போய்ப் பார்த்தார்கள். ஈடிஸ் குடம்பிகள் அங்கேயும் வளர்ந்துகொண்டிருந்தன. அது 2011இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. கேள்வி அதோடு நிற்கவில்லை. உப்பை அந்தக் குடம்பி எப்படித் தாங்குகிறது? எந்தப் பரம்பரையலகுகள் கூடுதலாக வேலை செய்கின்றன, எந்தப் புரதங்கள் மாறுகின்றன, உடற்போர்வையில் என்ன வித்தியாசம் என்று இலத்திரன் நுணுக்குக்காட்டி வரைக்கும் போன ஆய்வு 2021இல் வெளியானது.

குருநகர்ப் பக்கத்துக் கிணற்றில் ஒரு அகப்பை தண்ணீர் அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிச் சமாந்தரமாகக் கிடந்தால் அது அனோபிலிஸ் குடம்பி. வால்பக்கக் குழாயை மேலே நீட்டித் தலைகீழாகச் சரிந்து தொங்கினால் ஈடிஸ் அல்லது கியூலெக்ஸ். இதை வெறுங்கண்ணால் பிரித்தறிவது விலங்கியல். தண்ணீரின் உப்பை அளப்பது இரசாயனவியல். எத்தனை கிணறு பார்த்தால் போதும் என்று முடிவு செய்வது புள்ளிவிபரவியல். பரம்பரையலகைப் படிப்பது மூலக்கூற்று உயிரியல். தகவலை நோய்த்தடுப்புக்குப் பயன்படுத்துவது மருத்துவமும் பொதுச் சுகாதாரமும். கேள்வி ஒன்று, வாசல்கள் ஐந்து. உங்கள் மனம் இதில் எந்த இடத்தில் நின்று பார்க்க விரும்புகிறது என்பதுதான் கோர்ஸைத் தீர்மானிக்க வேண்டும்.

கொப்பியைத் திருப்பிப் பார்க்கும்போது உங்கள் கேள்விகள் எந்த அளவில் இருக்கின்றன என்று குறியுங்கள். மூலக்கூறா, கலமா, முழு உயிரியா, ஒரு சூழலில் வாழும் கூட்டமா? பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் தெளிவாகச் சாயும். சாயாவிட்டாலும் பயமில்லை, அகலமான பட்டத்தை எடுங்கள்.

கைநூலைத் திறக்கும்போது

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூலை ஆறுதலாக வாசியுங்கள். ரியூசன் சேர் சொன்னார், மச்சாள் சொன்னா என்று நிரப்பாதீர்கள். ஆய்வை மனதில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிந்த வரைக்கும் வழிகள் இப்படி.

உயிரியல் விஞ்ஞானம். கொழும்பு, பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி, றுகுணு, கிழக்கு, தென்கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களிலும் திருநெல்வேலியிலுள்ள எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலும் இருக்கிறது. ஆய்வுக்கு மிகவும் நேரான வழி இது என்பது என் கருத்து. எங்கள் பீடத்தில் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல் மூன்றையும் சேர்த்துப் படித்துவிட்டு, பெறுபேற்றைப் பொறுத்து ஒன்றில் சிறப்புப் பட்டத்துக்குப் போகலாம். இரசாயனவியலைக் கடினம் என்று தட்டிக்கழிக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இன்றைய உயிரியலில் பாதி வேலை இரசாயனம்.

முக்கியமாக ஒன்று. மூன்று வருடப் பொதுப் பட்டமும் நாலு வருடச் சிறப்புப் பட்டமும் ஒன்றல்ல. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம், குறைந்தது 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம், குறைந்தது 120 கிரெடிட். அந்த நாலாம் வருடத்தில்தான் ஆய்வுச் செயற்றிட்டம் வருகிறது. வெளிநாட்டில் நேரடியாகக் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் உள்ளூரில் விரிவுரையாளர் பதவிக்குப் போகும்போதும் அதைத்தான் கேட்பார்கள். ஆய்வுதான் இலக்கு என்றால் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த முதல் நாளிலிருந்தே சிறப்புப் பட்டத்தைக் குறிவையுங்கள். தெரிவு முதல் இரண்டு வருடப் புள்ளிகளில்தான் பெரும்பாலும் நடக்கிறது. "இரண்டாம் வருடம் பார்ப்பம்" என்றிருந்து அரைப்புள்ளியில் வாய்ப்பை இழந்தவர்கள் என் தொகுதியிலேயே இருந்தார்கள்.

உயிர் இரசாயனவியலும் மூலக்கூற்று உயிரியலும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தனிக் கற்கைநெறியாகவே இருக்கிறது. கொப்பியில் கேள்விகள் எல்லாம் டி.என்.ஏ., புரதம், நொதியம் என்று சாய்ந்தால் இதை மேலே போடுங்கள். பேராதனை விஞ்ஞான பீடத்துக்குள் போய்ச் சிறப்புப் பட்டமாக மூலக்கூற்று உயிரியல் செய்யவும் வழி இருக்கிறது.

விவசாயம். இதை எங்கள் பிள்ளைகள் குறைத்து மதிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மனவருத்தம். நாலு வருடப் பட்டம், ஆய்வுச் செயற்றிட்டம் உள்ளேயே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. பயிர் நோய், பூச்சி, மண்ணின் நுண்ணுயிர், விதை, உணவு, கால்நடை என்று கேள்விகள் எல்லாம் காலடியில் கிடக்கும். படித்து முடித்தபின் போக இடமும் உண்டு. திருநெல்வேலியிலேயே விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பத்தலகொடையில் நெல், லுணுவிலையில் தென்னை, தலவாக்கலையில் தேயிலை. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம். ஆய்வாளன் என்று சம்பளம் தரும் இடங்கள் இந்த நாட்டில் விவசாயத்தில்தான் அதிகம்.

மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம். மருத்துவக் கேள்விகளில் ஆர்வம், ஆனால் நோயாளியைப் பார்ப்பதில் ஆர்வமில்லை என்பவர்களுக்கு. யாழ்ப்பாணத்திலும் உண்டு. கை நன்றாகப் பழகும். நுண்ணுயிர், குருதி, இழையம் எல்லாம் அன்றாடம் தொடுவீர்கள். வைத்தியசாலை வேலைக்கும் கதவு திறந்திருக்கும்.

மருத்துவம். ஐந்து வருடம், அதன்பின் ஒரு வருடப் பயிற்சி. ஆய்வு செய்யும் வைத்தியர்கள் இருக்கிறார்கள், தேவையும் இருக்கிறது. ஆனால் நோயாளி பார்ப்பது பிடிக்காமல், ஆய்வுக்காக மட்டும் இந்த வழியால் போவது நீண்ட சுற்று. இடையில் களைத்துப் போவீர்கள்.

வவுனியாப் பல்கலைக்கழகத்தின் சுற்றாடல் விஞ்ஞானத்தையும், மற்ற இடங்களிலுள்ள கடற்றொழில் சார்ந்த கற்கைகளையும் பாருங்கள். கண்டல், கடற்புல், நீரேரி என்று கொப்பி நிரம்பியிருந்தால் இவையே உங்கள் இடம்.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு கற்கைநெறிக்கும் நாலு விடயங்களைத் தேடிப் பிடியுங்கள். கடைசி வருட ஆய்வு கட்டாயமா? கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் செய்முறை? புள்ளிவிபரவியல் எந்த வருடத்தில் வருகிறது? அந்தத் துறை விரிவுரையாளர்கள் கடந்த ஐந்து வருடத்தில் என்ன ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள்? முதல் மூன்றுக்கும் பீடத்தின் இணையத்தளத்தில் பாடத்திட்டம் இருக்கும். நாலாவதற்கு கூகுள் ஸ்கொலரில் பெயரைப் போட்டால் வரும். அதைவிட நல்ல வழி, இறுதி வருட மாணவர் ஒருவரைப் பிடித்துக் கன்ரீனில் அரை மணித்தியாலம் கதைப்பது. "மெசின் இருக்கோ?" என்று கேட்காதீர்கள். "அந்த மெசினை நீங்கள் உங்கட கையால பாவிச்சனீங்களோ?" என்று கேளுங்கள்.

விருப்ப ஒழுங்கு

இங்கேதான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து, "இது வராது, மேலே போட்டால் வீண்" என்று விருப்பமானதைக் கீழே தள்ளுகிறார்கள். ஒன்றும் வீண் போகாது. உங்கள் புள்ளி எட்டுகிற கற்கைநெறிகளில் நீங்கள் மேலே போட்டது எதுவோ அதுதான் கிடைக்கும். எட்டாத ஒன்றை முதலாவதாகப் போட்டதால் இரண்டாவது கைநழுவாது. ஆகவே விருப்பத்தின்படியே ஒழுங்குபடுத்துங்கள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டமும் வருடத்துக்கு வருடமும் மாறுகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்ற கணக்கில் இடம் பிரிபடுவதால் கொழும்பு நண்பனின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கிளிநொச்சிப் பிள்ளையின் கணக்கும் பொருந்தாது.

மேலே விருப்பமில்லாத ஒன்றை வீட்டாருக்காகப் போட்டால் அதுதான் கிடைக்கும். அதை யோசித்து எழுதுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால்

திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையத்தில் விஞ்ஞானமாணிப் பட்டம் பற்றி விசாரியுங்கள். மெதுவாகப் போகும், ஆனால் பட்டம் பட்டம்தான். இராஜகிரியவில் இலங்கை இரசாயன நிறுவனம் நடத்தும் நாலு வருடக் கற்கையை முடித்து வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் செய்பவர்கள் நிறையப் பேர். உயிரியலுக்கு இரசாயனம் வழியாகப் போவது நல்ல வழி. இந்தியாவில் படிக்க விரும்பினால் இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில் அறிவித்தல்களைக் கவனியுங்கள்.

கொழும்பில் தனியார் நிறுவனங்கள் "பயோமெடிக்கல்", "பயோரெக்" என்று விளம்பரம் செய்யும். காசு கட்டுவதற்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று பாருங்கள். ஆய்வுகூடத்தை நேரில் போய்ப் பாருங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வாருங்கள். காணி ஈடு வைத்துப் படிப்பிக்கும் பெற்றோர் எங்களுக்குள் இருக்கிறார்கள். இப்படிக் கேட்டுச் சரிபார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் இரண்டு வருடங்களில் என்ன செய்வது

தமிழ் மொழியில் உயர்தரம் படித்த பிள்ளைக்கு விஞ்ஞான பீடத்தின் முதல் அரையாண்டு ஆங்கிலத்தால் கனக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் வாசியுங்கள். தெரியாத சொல்லைத் தமிழில் எழுதி வையுங்கள். குடம்பி, கலச்சுவர், ஒளித்தொகுப்பு என்று ஏற்கெனவே நன்றாகப் புரிந்த விடயம்தான். சொல் மட்டுமே மாறுகிறது. ஆறு மாதத்தில் வாசிப்பு ஓடும்.

புள்ளிவிபரக் கணக்குகளுக்குப் பாவிக்கும் ஆர் (R) என்ற கணினி மொழி இலவசம். இரண்டாம் வருடம் முடிவதற்குள் அதில் ஒரு வரைபும் ஒரு சராசரி ஒப்பீடும் செய்யப் பழகுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்ல வேண்டும். புள்ளிவிபரவியலை நான் பாஸ்பேப்பர் செய்து பாடமாக்கித்தான் கடந்தேன். நாலாம் வருடத்தில் உவர்நீரிலும் நன்னீரிலும் குடம்பிகளின் எண்ணிக்கையை ஒப்பிட ஆசைப்பட்டேன். கரையோரத்தில் ஒரு கிணறு, உள்ளே கோண்டாவில் பக்கம் ஒரு கிணறு. ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொன்றிலும் இருபது அகப்பை அள்ளி, எண்ணி, கொப்பியில் எழுதினேன். மூன்று மாதம் வெயிலில் சைக்கிள் ஓடினேன். மேற்பார்வையாளரிடம் கொப்பியைக் கொண்டுபோய் வைத்தபோது அவர் கேட்டார்:

"உவர்நீருக்கு மாதிரி எத்தனை?"

"இருபது, சேர்."

"இல்லைத் தம்பி. ஒண்டு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருபது அகப்பையும் ஒரே கிணற்றுத் தண்ணீர். அந்தக் கிணற்றுக்கும் கோண்டாவில் கிணற்றுக்கும் இடையில் உப்பு மட்டுமா வித்தியாசம்? நிழல், ஆழம், மீன் விட்டிருப்பது, ஆட்கள் தண்ணீர் அள்ளுவது என்று நூறு வித்தியாசம். என் எண்ணிக்கை உப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. திரும்பவும் தொடங்கினேன்: எட்டு உவர்க் கிணறு, எட்டு நன்னீர்க் கிணறு, ஒவ்வொன்றிலும் ஐந்து அகப்பை. வேலை கூடவில்லை, யோசிப்பது மட்டும் முன்னுக்கு வந்தது. இரண்டாம் வருடத்தில் அந்தப் பாடத்தை விளங்கிப் படித்திருந்தால் மூன்று மாதம் மிச்சம்.

விடுமுறையில் சும்மா இருக்காதீர்கள். விரிவுரையாளர் ஒருவரிடம் போய், "சேர், லாபில உதவிக்கு வரலாமோ?" என்று கேளுங்கள். போத்தல் கழுவத்தான் முதலில் விடுவார்கள். கழுவுங்கள். சரியாகக் கழுவாத ஒரு போத்தல் ஒரு மாத வளர்ப்பைக் கெடுக்கும் என்பதை அங்கேதான் பழகுவீர்கள். கிழமைக்கணக்காக எண்ணுவதும் அளப்பதும் பிழைத்ததைத் திரும்பச் செய்வதும் உங்களுக்கு ஒத்துவருமா என்பதும் அங்கேதான் தெரியவரும்.

நாலாம் வருடம்

தலைப்பைவிட மேற்பார்வையாளர் முக்கியம். பெரிய பெயர் உள்ளவரைவிட, கிழமைக்கு ஒருதரம் உங்கள் கொப்பியைப் பார்க்கக்கூடியவரைத் தேடுங்கள். மூத்த மாணவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கேள்வி சிறிதாக இருக்கட்டும். ஆறு மாதத்தில் பதில் கிடைக்கும் அளவுக்குச் சிறிதாக.

வீட்டில் கதைப்பது

"மெடிசின் கிடைக்கேல்லையோ?" என்று சொந்தக்காரர் கேட்கும்போது அம்மாவின் முகம் வாடுவதைப் பார்ப்பது கஷ்டம். அதைக் கோபத்தோடு சந்திக்காதீர்கள். அப்பா அம்மாவின் பயம் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியது. எனவே சாப்பாட்டைப் பற்றியே பதில் சொல்லுங்கள். முன்னே சொன்ன ஆராய்ச்சி நிலையங்களோடு பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், கண்டியில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம், கடல்வளத்துக்கு நாரா என்னும் அரச ஆராய்ச்சி நிறுவனம், பல்கலைக்கழகங்கள் என்று பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆய்வு செய்ய வராவிட்டாலும் ஆசிரிய சேவை, உணவுத் தரக் கட்டுப்பாடு, மருந்து நிறுவனங்கள் இருக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நிரந்தர வேலை தாமதமாகத்தான் வரும் என்பதையும் சொல்லுங்கள். உண்மை சொன்ன பிள்ளையை வீடு நம்பும்.

பட்டத்துக்குப் பிறகு

முடித்த கையோடு பல பேர் செய்முறை விளக்குநராகவோ ஆய்வு உதவியாளராகவோ ஒரு வருடம் நிற்பார்கள். நல்லது. அந்த வருடத்தில் உங்கள் நாலாம் வருட ஆய்வைக் கட்டுரையாக்கி அனுப்புங்கள்.

மேலே படிக்க உள்ளூரில் முதுதத்துவமாணி (எம்.பில்.) இருக்கிறது. பேராதனையின் பட்டப்பின் விஞ்ஞான நிறுவனமும், கொழும்பில் உயிர் இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த் தொழினுட்பத்துக்கான நிறுவனமும் முதுமாணிக் கற்கைகள் நடத்துகின்றன. அமெரிக்காவில் நாலு வருடப் பட்டத்தோடு நேரடியாகக் கலாநிதிப் பட்டத்துக்குச் சேரலாம். உயிரியலில் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதக் கொடுப்பனவும் தருவார்கள். அதாவது காணி விற்கத் தேவையில்லை. ஜேர்மனியில் பெரும்பாலும் முதலில் முதுமாணி கேட்பார்கள். பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜப்பான் அரசின் மெக்ஸ்ற், ஐரோப்பாவின் எரஸ்மஸ் முண்டுஸ் எல்லாவற்றுக்கும் எங்கள் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம்.

வெளிநாட்டுப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது பத்து வரியைத் தாண்டாதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையை முழுதாக வாசித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை முதல் இரண்டு வரியில் எழுதுங்கள். அடுத்து உங்கள் நாலாம் வருட ஆய்வு: என்ன கேட்டீர்கள், எத்தனை மாதிரி, என்ன கண்டீர்கள். பிறகு அடுத்த வருடத்துக்கு இடம் இருக்கிறதா என்ற கேள்வி. பெறுபேற்றுத் தாளை இணைத்து அனுப்புங்கள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் அது பார்த்தவுடனேயே தெரியும். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை பொறுத்து ஒருதரம் நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் அடுத்தவரின் கட்டுரையை எடுத்து வாசிக்கத் தொடங்குங்கள்.